அப்பாவுக்குக் காது மெஷின்: எதைப் பார்த்து வாங்க?

பளுகல்_பையன்:
அப்பாவுக்கு வயசு 68. மர மில்லில் 30 வருஷ வேலை, இப்பவும் வாரத்துல மூணு நாள் போவார். "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதாங்கன்னுதான் பிடிபடல" என்கிறார். நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் சோதனை பண்ணினோம். வலது காது: 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-இல் 35, 2000-இல் 55, 4000-இல் 70. இடதும் அப்படித்தான், 5 கூடக் குறைய. சொல் சோதனையில் 56 சதவீதம். "40 சதவீதம் கேள்வி போச்சு, காதுக்குள்ளயே வைக்கிறதை எடுங்க, வெளியே தெரியாது" என்று ஒன்றுக்கு 38,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆன்லைனில் 1,500-க்கும் கிடைக்கிறது. ரெண்டு காதுக்கும் வேணுமா? சர்க்காரில் கிடைக்குமா?

செவிவழி:
முதல்ல அந்த "40 சதவீதம்" கணக்கை மறந்திருங்க. டெசிபல் வேற, சதவீதம் வேற. ரிப்போர்ட்டில் இருக்கிற டெசிபல், காதுக்குக் கேக்கத் தேவைப்படுற குறைஞ்ச அளவு சத்தம்; எண் கூடக் கூடக் கேள்வி மோசம். 500, 1000, 2000 மூணையும் கூட்டி மூணால் வகுத்தால் 38 வருது, அதைத்தான் சதவீதமா சொல்லியிருக்காங்க.

உங்க அப்பா ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது அந்தச் சராசரி இல்லை, கோடு சரியிற விதம். ஹெர்ட்ஸ் குறைஞ்ச தாழ்ந்த சுரம் ஏறக்குறைய நல்லா இருக்கு. மேல போகப் போக விழுது. உயிரெழுத்தின் கனம் தாழ்ந்த பக்கம் இருக்கு, அதனால "சத்தம் கேக்கு". க, ப, த, ச இதையெல்லாம் பிரிச்சுக் காட்டுற கூர்மை பெரும்பாலும் 2000-க்கு மேல. கல்லா பல்லான்னு அங்கதான் குழம்புது. மில் சத்தத்தில் வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு வழக்கமா வர்ற சரிவு இது.

இதுக்குப் போய் காதுக்குள்ள அடைக்கிற மெஷினைச் சொன்னது எனக்குச் சரியாப் படலை. நல்லா இருக்கிற தாழ்ந்த சுரத்தை அது அடைச்சிடும். சொந்தக் குரலே குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும், பத்து நாளில் கழற்றி மேசை டிராயரில் போட்டுருவார். இவருக்குப் பொருந்துறது காதுக்குப் பின்னால் உட்காந்து, மெல்லிய வயர் வழியா ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள்ள போற ஆர்ஐசி மாடல், ஓப்பன் டோமோட, அதாவது நுனியில் மாட்டுற ஓட்டை உள்ள ரப்பர் குமிழோட. கண்ணுக்கும் அவ்வளவா தெரியாது.

1,500 ரூபாய் சாமானில் பெரும்பாலானவை எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கும். கேள்வி 70-க்குப் போன சுரத்துக்கு ஏத்த மாதிரி கூட்டி வெச்சா, 25-லேயே கேக்கிற சுரத்தில் பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்கும்.

ஒரு கேள்வி: சொல் சோதனையில் எந்த மொழி வார்த்தை சொன்னாங்க?

பளுகல்_பையன்:
மலையாளம். அப்பாவுக்குச் சந்தையில் விலை பேசுற அளவுக்குத் தெரியும், வீட்டில் தமிழ்தான்.

செவிவழி:
அப்போ அந்த 56-ஐ நம்ப வேண்டாம். பழக்கமில்லாத மொழிச் சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னா, காது நல்லா இருந்தாலும் மார்க் குறையும். தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கம் இதை யாரும் கவனிக்கிறதில்லை. தமிழ்ச் சொற்பட்டியல் வெச்சுத் திரும்ப எடுங்க. தமிழிலும் குறைவா வந்தா மெஷினிலிருந்து எதிர்பார்க்கிறதைக் குறைச்சுக்கணும், ஏன்னா அது சத்தத்தைக் கூட்டும், தெளிவைத் திருப்பித் தராது.

மேல்புறம்_ஆடியோ:
திரும்ப எடுக்கும் முன்னாடி ஈஎன்டி டாக்டரிடம் குறும்பி இருக்கான்னு பார்த்துடுங்க. எலும்பு வழிச் சோதனையும் கேளுங்க, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்துப் பார்க்கிறது; ஹெட்ஃபோனில் கேக்கிறது காற்று வழி. காற்று வழிக்கும் எலும்பு வழிக்கும் 10, 15 டெசிபலுக்கு மேல் இடைவெளி இருந்தால் மெஷினுக்கு முன் வைத்தியம் இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பார்க்கலாம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் (பேச்சு, கேள்விக்கான நிறுவனம்) இருக்கு. தமிழ்ப் பட்டியல் உண்டான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

சர்க்கார் விஷயம்: இலவச மெஷினுக்கு வழக்கமா மாற்றுத்திறனாளி சான்று கேட்பாங்க. 2016 சட்டப்படி ரெண்டு காதிலும் கேள்வி இழப்பு 60 டெசிபலாவது இருக்கணும். 4000-ஐயும் சேர்த்தால்கூட இவருக்குச் சராசரி 46-தான், அந்தச் சான்று கிடைக்காது. சான்றுக்காக அலைய வேண்டாம்.

ரெண்டு காதும் சமமா போயிருக்கிறதால ரெண்டுக்கும் போடணும். பணம் கம்மின்னா விலை கூடினதில் ஒண்ணு வாங்குறதைவிட விலை குறைஞ்சதில் ஜோடி வாங்குங்க. 8 சேனலா 16-ஆ (சத்தத்தை எத்தனை பகுதியாப் பிரிச்சு சரிபண்ணுது) என்பதைவிட, பொருத்துறவர் காதுக்குள்ள மெல்லிய குழாய் விட்டு மெஷின் சத்தம் உள்ளே எவ்வளவு வருதுன்னு ரியல் இயர் அளவு எடுக்கிறாரா என்பதுதான் முக்கியம். எடுக்காம கம்ப்யூட்டரின் முதல் செட்டிங்கோடவே அனுப்புற இடத்தில் பெரிய விலைக்கு அர்த்தமில்லை. பொருத்துறவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கான்னும் கேளுங்க.

பில்லில் ரெண்டு மெஷினின் சீரியல் நம்பர், வாரண்டி வருஷம், இலவசமா எத்தனை தடவை செட்டிங் மாத்துவாங்க, எல்லாம் எழுதி வாங்கணும். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தா கேளுங்க. ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தருவாங்களான்னும் கேட்கலாம்.

தேங்காய்_எண்ணெய்:
வாங்கின பிறகு கெடுறது எப்படின்னு நான் சொல்றேன். நம்ம ஊரில் முதல் வில்லன் என் பேர்தான். தலையில் தேச்ச எண்ணெய் மெஷினின் மைக் துளையில் இறங்கிடும். காலையில் எண்ணெய் தேச்சுக் குளிச்சு, தலை துவட்டிக் காய்ஞ்ச பிறகுதான் மாட்டணும்.

அடுத்தது ஈரம். ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைங்க. மாத்துற பேட்டரின்னா அதை வெளியே எடுத்துட்டு, பேட்டரிக் கதவைத் திறந்து வெச்சு. வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்காதீங்க.

ஆர்ஐசிக்கு அதிகமா வர்றது 312 சைஸ் பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரிச்சதும் இரண்டு நிமிஷம் வெளியே வைக்கணும், காற்று பட்டாத்தான் வேலை செய்யும். உரிச்சிட்டா பயன்படுத்தாட்டாலும் தீரும். விரல் நடுங்குதுன்னா சார்ஜ் மாடல் நல்லது, ஆனா உள்ளே இருக்கிற பேட்டரி நாலஞ்சு வருஷத்தில் தளரும்.

திடீர்னு கேக்கலைன்னா கடைக்கு ஓடும் முன் ஸ்பீக்கர் நுனியில் இருக்கிற குறும்பித் தடுப்பானை மாத்திப் பாருங்க. பல தடவை அதுதான். விசில் அடிச்சா டோம் சரியா உட்காரலை, இல்லை காதில் குறும்பி. சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது.

முதல் வாரம் வீட்டுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம், ஒருத்தர் எதிரே உட்காந்து பேசினா போதும். கோயில் கொடைக்குப் போட்டுட்டுப் போறதெல்லாம் ஒரு மாசம் கழிச்சு. மூணாவது வாரம் திரும்பப் போய் செட்டிங் மாத்துங்க. எந்தச் சத்தம் உறுத்துதுன்னு அதுவரை தேதி போட்டு எழுதி வெச்சாத்தான் பொருத்துறவருக்குத் தெரியும்.

பளுகல்_பையன்:
மில்லுக்குப் போட்டுட்டுப் போகலாமா?

செவிவழி:
கூடாது. ஆஃப் பண்ணி மாட்டினாலும் ஓட்டை டோம் வாள் சத்தத்தைத் தடுக்காது. கழற்றி டப்பாவில் வெச்சுட்டு, காதை முழுசா மூடுற இயர் மஃப் போடச் சொல்லுங்க.