உதவி வேணும்: கடல்பக்கம் சின்ன மேல்வீடு, பலட், பழைய வலை, கையில 15,000 ரூபாய்

டச்பே மேல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருகோணமலையில டச்பே பக்கம் ஒரு மேல்வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறம், ஒரு ஹோல், ஒரு அறை, குசினி, அவ்வளவுதான். யன்னலத் திறந்தா காத்து அந்தமாதிரி, ஆனா அந்தக் கடல்காத்துதான் இப்ப பிரச்சினையும். புதுசா சாமான் வாங்க ஏலாது, பழசுபட்டத வச்சே வீட்ட வடிவாக்குவம் எண்டு டைல்ஸ் கடையில சும்மா தந்த, சாமான் அடுக்கிற மரப் பலட் மூண்டு, மாமா தந்த நைலோன் வலை, அம்மாட பழைய பருத்திச் சாறியள், கொஞ்ச ஜாம் போத்தல் எல்லாம் சேர்த்து வச்சிருக்கிறன்.

சிக்கல் என்னெண்டா, கடல்பக்கச் சுவரில வெள்ளைத்தூள் பூத்து வருது, கை பட்டா பெயின்டோட சேர்ந்து கொட்டுது, அத மறைக்கத்தான் பலட்ட நிமித்தி ஒரு றாக்கை அடிக்கலாம் எண்டு பாத்தன், ஆனா வீட்டுக்கார ஐயா சுவரில ஓட்டை போட வேணாம் எண்டிட்டார். வலைய எவ்வளவு கழுவினாலும் மணம் போகுதில்ல, மழைக்குணம் வந்தா தொட ஈரமா இருக்கு. போன வீட்டில தச்சர் ஒராள் செஞ்சு தந்த தட்டில ஆணியெல்லாம் கறள் பிடிச்சு, பலகையில கறுப்புக் கோடு கோடா இறங்கினது, அது திரும்ப வராம இருக்கோணும். வீட்டில நடக்கப் பழகிற சின்னவளும் இருக்கிறா. மாரிக்கு முதல் முடிக்கலாமா? எதில இருந்து துவங்க?

உவர்மலைப் பலகைவேலை:
தங்கச்சி, சுவரில இருந்து துவங்குங்கோ. அது பூஞ்சணம் இல்ல, உப்பு. சுவருக்குள்ள போற ஈரம் உப்பக் கரைச்சுக்கொண்டு வெளிய வரும், தண்ணி காஞ்சு போக உப்பு மட்டும் மேல நிண்டிடும், அதுதான் பெயின்டத் தள்ளுது. அத மறைச்சா ஈரம் உள்ளுக்கயே நிக்கும், பிறகு பலகையும் பழுதாகும். தண்ணி ஊத்திக் கழுவவே வேணாம், கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளுக்கதான் போகும். காஞ்ச நாளில கட்டைத் தும்புப் பிரஷால உரசி, தூளக் கூட்டி அள்ளி வெளிய போடுங்கோ. எங்கால ஈரம் வருது எண்டதையும் பாருங்கோ, வெளிச்சுவரில வெடிப்போ ஒழுகிற பைப்போ இருந்தா அது வீட்டுக்காரர் பாக்கவேண்டிய வேலை, போட்டோ எடுத்துக் காட்டிக் கேளுங்கோ.

அடுத்தது பலட். கட்டையில சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் படமும் ஐபிபிசி எழுத்தும். அதில எச்ரி (HT) எண்டு இருந்தா பலகையின்ர நடுப்பகுதி வரைக்கும் 56 பாகை செல்சியஸ் சூட்டில குறைஞ்சது 30 நிமிசம் வச்சிருக்கினம், வீட்டுக்கு எடுக்கலாம். எம்பி (MB) எண்டா மெதில் புரோமைட் புகை போட்டது, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எடுக்காதேங்கோ. முத்திரை என்ன எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

நிலாவெளி ரோட்:
உப்புச் சுவருக்கு எனாமல் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சு விடுங்க, எங்கட கடை அப்பிடித்தான் இருக்கு, பளிச்செண்டு இருக்கு.

உவர்மலைப் பலகைவேலை:
தம்பி, ஈரம் வராத சுவரெண்டா சரி. இந்தச் சுவரில எனாமல் ஈரத்த வெளிய விடாது, அடுத்த மாரியில கொப்புளம் கொப்புளமா எழும்பிக் கழரும். சுண்ணாம்புதான் அதுக்கு நல்லம், சுவர் மூச்சு விடும், விலையும் குறைவு. பழைய பெயின்ட சுரண்டி எடுத்திட்டு மெல்லிசா ரெண்டு மூண்டு தரம் அடிச்சா காணும், பெயின்டுக்கு மேல சுண்ணாம்பு பிடிக்காது.

கிண்ணியா உம்மா:
வலைக்கு நான் சொல்றன் புள்ள. மணம் மட்டுமில்ல, அதுல கடலுப்பு இருக்கு, மாரியில உப்புப் போத்தல் கசியிற மாதிரி அதுவும் காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், அதான் தொட்டா நனஞ்சிருக்கு. சோப்புப் போட முதல் நல்ல தண்ணியில ஊறப்போடுங்க, தண்ணிய மாத்தி மாத்தி ஊறவைங்க, ஊறின தண்ணிய நாக்குல தொட்டா உப்புக் கரிக்காத வரைக்கும். முடிச்சு முடிச்சா விரிச்சுப் பாருங்க, செதிலும் காஞ்ச பாசியும் முடிச்சுக்குள்ளதான் இறுகிக் கிடக்கும், பழைய பல்லுப் பிரஷால தோண்டி எடுத்தாத்தான் மணம் போகும். பிறகு வினாகிரி கொஞ்சம் விட்ட தண்ணியில அலசிக் காய விடுங்க. நைலோன் வெயில்ல கிடந்தா பலம் போயிடும், காஞ்ச உடன எடுத்திடுங்க.

தொங்கவிடுறதா இருந்தா சின்னவள்ட கைக்கு எட்டாத உயரத்துல, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமா. நெருப்புப் பட்டா நைலோன் உருகி ஒட்டிக்கும்.

பெயின்ட் உரிஞ்ச இடத்த மறைக்கோணும் எண்டா எங்கட பக்கத்துப் பன்பாய் ஒண்ட யன்னல் கிரில்ல கட்டித் தொங்கவிடுங்க, பழைய பாயா இருந்தாலும் ஓரத்துக்குச் சாறிக் கரை வச்சுத் தைச்சா அவ்வளவு அழகு. சுவருல படாம முன்னுக்கு நிக்கோணும். காத்து நடமாடும், வேணும் எண்டா கழட்டி வெயில்ல போடலாம்.

டச்பே மேல்வீடு:
உம்மா, பாய் நினைச்சே பாக்கல, அம்மாட மஞ்சச் சாறியில பச்சக்கரை இருக்கு, அதத்தான் வைக்கப்போறன்! தண்ணி இப்பவும் கரிக்குது, திரும்ப ஊறப்போட்டிருக்கு. அண்ணா, பலட் ரெண்டில எச்ரி இருக்கு. மூண்டாவதில முத்திரையே இல்ல, ஒரு மூலையில கறுப்பா எண்ணெய் ஊறி மண்ணெண்ணெய் மாதிரி மணக்குது.

உவர்மலைப் பலகைவேலை:
மூண்டாவத வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ. என்ன ஊத்தினது எண்டு தெரியாது, அடுப்புக்கும் வேணாம்.

மற்ற ரெண்டையும் நெம்பிக் கழட்டினா பலகை வெடிக்கும், ஆணி முறுக்காணி. பலகைக்கும் கட்டைக்கும் இடையில ஆக்சோ பிளேட்ட விட்டு ஆணிய அறுங்கோ, நேரம் எடுக்கும், ஆனா பலகை முழுசா வரும். கச்சான் காத்து அடிக்கிற நாளிலயே நிழலில அடுக்கிக் காயவிடுங்கோ, வாடை துவங்கினா காயாது. கறையானுக்கு எண்டு பழைய இஞ்சின் ஒயில் பூசச் சொல்லுவினம், வீட்டுக்குள்ள வேணாம், மணமும் போகாது, நெருப்புக்கும் பயம்.

நீங்க சொன்ன கறுப்புக் கோடு, இரும்பு ஈரத்தில பலகைச் சாறோட சேர்ந்து வாறது. அதால ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மட்டும் பாவியுங்கோ, 316 எண்ட ரகம் கிடைச்சா கடல்காத்துக்கு அதுதான் திறம், இல்லாட்டி 304. ஹார்ட்வெயார் கடைக்குப் போகேக்க சின்னக் காந்தம் ஒண்டு கொண்டு போங்கோ, காந்தம் இறுக்கிப் பிடிக்கிறத எடுக்காதேங்கோ. காசு செலவழிக்கிற இடம் இதுதான், மற்றதெல்லாம் சும்மா கிடைச்சதுதானே.

டச்பே மேல்வீடு:
விளங்கிச்சு அண்ணா. கடைசியா ஒண்டு, சுவரில ஓட்டை போடாம றாக்கை எப்பிடி நிக்கும்? சின்னவள் பிடிச்சு இழுத்தா?

உவர்மலைப் பலகைவேலை:
ஏணி மாதிரி கீழ்த்தட்டு அகலமா, மேல்தட்டு ஒடுக்கமா அடியுங்கோ. யன்னலுக்குப் பக்கத்தில, சுவரில இருந்து நாலு விரல் விட்டு வச்சு, மேல்சட்டத்த ரெண்டு இடத்தில நைலோன் கயிறால யன்னல் கிரில்லோட இறுக்கிக் கட்டுங்கோ. பாரமானது எல்லாம் கீழ்த்தட்டில. ஜாம் போத்தலுக்குள்ள எல்ஈடி லைட் போடுற எண்ணம் இருந்தா போத்தல் மேல்தட்டில இருக்கட்டும், வயர் றாக்கைக்குப் பின்னால போகட்டும். கட்டின பிறகு நீங்களே ஒருக்கா பிடிச்சு இழுத்துப் பாருங்கோ, அசைஞ்சா கயிற இன்னும் ஒரு இடத்தில கட்டுங்கோ.