சென்சார், செயலி, ஸ்கேனர்: சைட்டில் தப்பு எங்கே நுழைகிறது?

தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்

ஸ்லாபுக்குள் கம்பியோடு கட்டிவிடும் வெப்பநிலை சென்சாரைப் பார்த்து முட்டு பிரிப்பதும், போஸ்ட் டென்ஷன் கேபிளை (கான்கிரீட் இறுகிய பின் இழுத்துக் கட்டும் எஃகு கேபிள்) இழுப்பதும் பல சைட்டுகளில் வழக்கமாகிவிட்டன. போனில் '24 எம்பிஏ' (மெகாபாஸ்கல், வலிமையின் அலகு) என்று வந்ததும் சென்சார் வலிமையை அளந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது அளப்பது வெப்பநிலையும் நேரமும்தான். வலிமை என்பது, லேபில் அதே கலவைக்கு முன்கூட்டியே போட்டுவைத்த வரைபடத்திலிருந்து செயலி எடுத்துச் சொல்லும் எண்.

செயலி போடும் கணக்கு எளிது: சராசரி வெப்பநிலையிலிருந்து அடிப்படை வெப்பநிலையை (அதற்குக் கீழே கான்கிரீட் இறுகாது என்று வைக்கும் அளவு) கழித்து, மணி நேரத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 0 டிகிரி என்றால், 30 டிகிரியில் 48 மணி நேரமும் 20 டிகிரியில் 72 மணி நேரமும் ஒன்றுதான், இரண்டும் 1,440. அடிப்படையை −10 என்று வைத்தால் முதலாவது 1,920, இரண்டாவது 2,160. லேப் ஒரு அடிப்படையில் வரைபடம் போட்டிருக்க, செயலியில் வேறு எண் இருந்தால் எல்லா முடிவும் நழுவும். செயலியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது சென்சார் வைக்கும் இடம். தடித்த பீமின் நடுவில் வைத்தால் அங்கே கான்கிரீட் தன் சூட்டிலேயே வெந்து, எண் சீக்கிரம் ஏறும். முடிவெடுக்க வேண்டியது ஓரத்தை வைத்து: காற்று படும் ஸ்லாப் விளிம்பு, கேன்டிலீவர், கடைசியாகக் கான்கிரீட் விழுந்த மூலை. ராஃப்ட் (கட்டடத்தின் அடியில் போடும் தடித்த அடித்தள ஸ்லாப்) மாதிரி கனமான வார்ப்பில் மட்டும் நடுவிலும் மேற்பரப்பிலும் ஜோடியாக வைக்க வேண்டும். அங்கே கேள்வியே வேறு. நடு 70 டிகிரியைத் தாண்டக்கூடாது, நடுவுக்கும் மேற்பரப்புக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பவை பரவலாகப் பின்பற்றும் வரம்புகள்.

வயர் உள்ள சென்சாரைக் கம்பியின் அடிப்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மேலே கட்டினால் வைப்ரேட்டர் ஊசி பட்டு அறுந்துவிடும்.

லேப் பொறுப்பாளர்

அந்த வரைபடத்துக்கு 1, 3, 7, 14, 28 நாட்களில் மாதிரிகளை உடைக்க வேண்டும். அதே வார்ப்பில் இரண்டு மாதிரிகளுக்குள்ளும் நடுவில் சென்சார் இருக்க வேண்டும். சிமென்ட் பிராண்ட், அட்மிக்ஸ்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) அளவு, ஃபிளை ஆஷ் பங்கு, இதில் எது மாறினாலும் வரைபடம் செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

மேலே சொல்லாமல் விட்ட ஒன்று: தண்ணீர். பம்பில் போகவில்லை என்று லாரியில் தண்ணீர் ஊற்றினால் வெப்பநிலை பெரிதாக மாறாது. செயலி பழைய வரைபடப்படியே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். உண்மையான வலிமை கீழே போயிருக்கும். சென்சாருக்கு இது தெரிய வழியே இல்லை. ஆகவே ஸ்லம்ப் சோதனையும் (கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்ப்பது) க்யூபும் (வார்த்து உடைத்துப் பார்க்கும் கான்கிரீட் கட்டி) தொடர வேண்டும். க்யூப் முடிவு சென்சார் கணிப்பிலிருந்து தொடர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் கலவையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

க்யூப் உடைக்கும் இயந்திரத்தைக் கணினியோடு இணைப்பது நல்ல செலவு. இறுதி எண்ணைவிட, நேரத்துக்கு எதிராகப் பாரம் ஏறும் கோட்டைச் சேமிப்பது முக்கியம். நொடிக்கு 0.6 எம்பிஏ என்றால் 150 மிமீ க்யூபுக்கு நொடிக்கு 13.5 கிலோ நியூட்டன். அவசரத்தில் வேகமாக ஏற்றினால் வலிமை கூடுதலாக வரும். தாளில் இது தெரியாது, கோட்டின் சரிவில் தெரிந்துவிடும்.

சைட் இன்ஜினியர்

செயலியில் செக்லிஸ்ட் பற்றி. 40 கேள்விக்கும் இரண்டு நிமிடத்தில் டிக் விழுந்திருந்தால் யாரும் கம்பிப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு டிக்கின் நேரத்தையும் தனித்தனியாகப் பதிய வையுங்கள். படிவத்தை அனுப்பிய நேரம் மட்டும் போதாது. நெட் இல்லாத பேஸ்மென்டில் போனின் நேரமும் சர்வர் பெற்ற நேரமும் இரண்டுமே வேண்டும். போன் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

படம் எடுப்பதில் மூன்று விதி. செயலியின் கேமராவில் மட்டும் எடுக்க வேண்டும், கேலரியிலிருந்து ஏற்ற அனுமதிக்கக்கூடாது. ஒரு உறுப்புக்குக் குறைந்தது இரண்டு படம்: தூரத்தில் ஒன்று, டேப் வைத்து கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் தடிமன்) அல்லது ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி தெரிய ஒன்று. இரண்டிலும் தூண் எண் எழுதிய அட்டை இருக்க வேண்டும்; இல்லையென்றால் சி-4 தூணின் படமே சி-5, சி-6 என்று மூன்று இடத்தில் ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள், எடுத்த நேரமும் இடமும் அதில் அழிந்திருக்கும்.

சர்வேயர்

லேசர் ஸ்கேன் அறிக்கையில் வரும் வண்ணப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்ண அளவை ±50 மிமீ என்று வைத்தால் எந்த ஸ்லாபும் பச்சையாகத்தான் இருக்கும். அனுமதி ±5 மிமீ என்றால் அளவையும் அதற்கேற்ப வையுங்கள். பல நிலைகளில் எடுத்த ஸ்கேன்களை ஒட்டும்போது வரும் பிழை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதுவே 4 மிமீ என்றால் அந்த அறிக்கையை வைத்து 5 மிமீ சண்டை போட முடியாது.

தளத்தின் சமதளத்தைப் பார்ப்பதென்றால் முட்டு பிரிக்கும் முன், வார்த்த 72 மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு ஸ்லாப் தொய்வும் பூச்சுப் பிழையும் கலந்துவிடும், மேஸ்திரியைக் குறை சொல்வதா டிசைனரைக் கேட்பதா என்று தெரியாது. கியூரிங் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்கேன் ஓட்டையாக வரும், துடைத்துவிட்டு எடுங்கள்.

டோட்டல் ஸ்டேஷனில் (தூரமும் கோணமும் அளக்கும் சர்வே கருவி) பிரிசம் மாறிலி, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்காகத் தூரத்தில் செய்யும் திருத்தம், இன்னொரு பழைய வியாதி. சில பிரிசங்களுக்கு 0, சிலவற்றுக்கு −30 மிமீ. மாற்றி வைத்தால் 5 மீட்டரிலும் 100 மீட்டரிலும் அதே 30 மிமீ பிசகும். ஒரே கோட்டில் ஏ, பி, சி என்று மூன்று புள்ளி வைத்து ஏபி, பிசி, ஏசி அளந்தால் போதும். முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதைவிட எவ்வளவு விலகுகிறதோ அதுதான் பிழை.

பிம் ஒருங்கிணைப்பாளர்

பிம் என்பது கட்டடத்தின் கணினி மாதிரி. அதன் தகவல் நிர்வாகத்துக்கான தரநிலை ஐஎஸ்ஓ 19650 சொல்லும் கோப்பு நிலைகள் நான்கு: வேலையில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பகம். சைட்டுக்குப் போக வேண்டியது மூன்றாவது மட்டும். நெட் இல்லாத டேப்லெட்டில் பழைய திருத்தம் உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாலான ஸ்லீவ் (குழாய் போக கான்கிரீட்டில் விடும் துளை) தவறுகளுக்குக் காரணம். அச்சடித்த வரைபடத்தின் மூலையில் க்யூஆர் ஒட்டி, ஸ்கேன் செய்தால் 'இது பழையது' என்று சிவப்பில் வரும்படி செய்யுங்கள்.

தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்

தண்ணீர் பற்றிய குறிப்பு சரியானது. டெலிவரி சீட்டில் பிளான்ட்டில் போட்ட தண்ணீர் அளவையும் சைட்டில் சேர்த்ததையும் தனித்தனி கட்டமாக வைத்து, அதையும் சென்சார் எண்ணோடு இணைத்துவிட்டால் எந்த லாரி எந்த மூலையில் விழுந்தது என்று பின்னால் தேட வேண்டியிருக்காது. முட்டு பிரிக்க அனுமதி கேட்கும் படிவத்தில் இந்தக் கட்டம் காலியாக இருந்தால் செயலி அடுத்த பக்கத்துக்கே போகக்கூடாது.