சைக்கிள் மலைப் பந்தயத்தில் நீங்கள் மறக்காத நாள் எது? (அனுபவப் பகிர்வு)

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து:

எனக்கு யோசிக்கவே வேண்டாம். 2025 மே 31, இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தின் 20ஆவது கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), ஃபினெஸ்த்ரே மலை. அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு, மின்விசிறிக்கு அடியில் ஒரே செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து நாலு பேர் பார்த்தோம். நாலு பேரும் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் சைக்கிளில் ஏறியவர்கள்தான். அதனால் திரையில் ஒருவர் பெடல் மிதிக்கும் விதத்தைப் பார்த்தாலே கால் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

ஃபினெஸ்த்ரே 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம், சராசரிச் சரிவு 9 சதவீதத்தைத் தாண்டும். கடைசி 8 கிலோமீட்டருக்குத் தார் கிடையாது, மண்ணும் சரளையும்தான். அன்று காலை, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சி மெக்சிகோவின் 21 வயது ஈசாக் டெல் டோரோவிடம் இருந்தது. ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் அவருக்கு 43 வினாடி பின்னால். மூன்றாவதாக சைமன் யேட்ஸ், 1 நிமிடம் 21 வினாடி பின்னால். யேட்ஸுக்கு அந்த மலையோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 2018இல் அவர் இளஞ்சிவப்பு ஜெர்சியோடு அங்கே வந்தபோதுதான் கிறிஸ் ஃபுரூம் 80 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே தனியாகப் பறந்தார். அன்று ஒரே நாளில் யேட்ஸ் இழந்தது 38 நிமிடத்துக்கும் மேல்.

ஏற்றத்தில் கரபாஸ் முதலில் தாக்கினார், அதாவது திடீரென வேகமெடுத்துப் பிரிந்து போகப் பார்த்தார், டெல் டோரோ விடாமல் ஒட்டினார். கொஞ்சம் பின்தங்கிய யேட்ஸ் தன் வேகத்திலேயே திரும்ப வந்து சேர்ந்து, அப்புறம் தானே கிளம்பினார். இங்கேதான் விஷயம். கரபாஸ், "ஜெர்சி உன்னிடம், நீ இழு (முன்னால் போய்க் காற்றை வாங்கு)" என்கிற மாதிரி பார்க்கிறார். டெல் டோரோ கரபாஸைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் காவல் காக்க, மூன்றாமவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்.

மேலே யேட்ஸுக்காக ஆள் இருந்தது. அவருடைய அணி வௌட் வான் ஆர்ட்டைக் காலையிலேயே முன்னால் போன கூட்டத்தோடு அனுப்பி வைத்திருந்தது. வான் ஆர்ட் கனமான உடம்புக்காரர். செங்குத்தில் யேட்ஸோடு ஏறி உதவ முடியாது, ஆனால் சமதரையில் அவர் இழுத்தால் பின்னால் துரத்துபவர்கள் பிடிப்பதே பெரிய பாடு. அவர் உச்சியைத் தாண்டி வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். ஃபினெஸ்த்ரேயின் இறக்கத்துக்கும் கடைசி ஏற்றமான செஸ்ட்ரியேருக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்குச் சாலை முழுக்க யேட்ஸைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்தார். ஜிரோ அங்கே கைமாறியது. மொத்தத்தில் யேட்ஸ் 3 நிமிடம் 56 வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

மலைப் பந்தயம் மலையில் முடிவாகிறது என்று பலர் சொல்வார்கள். இரண்டு மலைக்கு நடுவில் உள்ள சமதரையில்தான் முடிவாகிறது என்பது என் கட்சி. செங்குத்தில் வேகம் குறைவு, காற்று பெரிதாகத் தடுக்காது. அங்கே அவரவர் கால்தான் துணை. மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் இடத்தில் காற்றுதான் எதிரி. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும்.

ஜவ்வாது மலை போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கிய பிறகு எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பையனுக்கு முழுசாகக் காற்று போய்விட்டது. தலை தொங்கிவிட்டது, ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றி ஓட்டுகிறான். நடுவயது அண்ணன் ஒருவர், ஏற்றத்தில் எப்போதும் கடைசியாக வருபவர், அன்று எல்லோருக்கும் முன்னாலேயே கிளம்பிக் கண்ணமங்கலத்தில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். பையனுக்கு இரண்டு வாழைப்பழமும் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்து, "தம்பி, என் பின் சக்கரத்தை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே" என்றார். கணியம்பாடி தாண்டி பாகாயம் வரைக்கும் எதிர்க்காற்றில் அவரேதான் முன்னால். பையன் ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆம்பூரிலிருந்து:

அண்ணா, எல்லாம் சரி, ஆனால் டெல் டோரோவை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் அணி ஹுவான் அயூசோவுக்காக வந்த அணி. அயூசோ 9ஆவது கட்டத்தில் விழுந்தார், பின்னால் தேனீ கொட்டிக் கண் வீங்கி, 18ஆவது கட்டத்தில் விலகினார். ஒரு 21 வயதுப் பையன் தலையில் அத்தனை பாரமும் ஏறியது. முன்னால் வான் ஆர்ட் இருக்கிறார் என்பது பின்னால் வரும் அணி காருக்குத் தெரியாதா? அனுபவசாலிகள் முடிவெடுத்திருக்க வேண்டிய நேரம் அது.

உங்கள் கட்சியையும் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022 டூர் டி பிரான்ஸ், 11ஆவது கட்டம் பாருங்கள். அது ஏற்றத்திலேயே முடிந்த கதை. யும்போ விஸ்மா அணியில் ரோக்லிச், விங்கேகோர் என்று இரண்டு தலைகள். கலிபியே மலைப் பக்கம் இருவரும் மாறி மாறித் தாக்கினார்கள். ஒருவரை, அன்று முன்னணியில் இருந்த போகச்சார் பிடித்தால் அடுத்தவர் கிளம்புவார். போகச்சாரும் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. அதற்கான விலை கடைசி மலை கிரானோனில் தெரிந்தது: விங்கேகோர் கிளம்பியபோது போகச்சார் காலில் ஒன்றுமில்லை. 2 நிமிடம் 51 வினாடி போனது, டூரில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியும் போனது.

எனக்கு அதில் பிடித்தவர் ரோக்லிச். 5ஆவது கட்டத்தில் விழுந்து தோள்பட்டை இறங்கியிருந்தது. அந்த உடம்போடு இன்னொருவர் ஜெயிக்க வேண்டுமென்று தன்னைக் கரைத்துவிட்டு, சில நாளில் பந்தயத்தைவிட்டே விலகினார். பெயர் பதிவேட்டில் விங்கேகோருக்குத்தான். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து:

ஆண்கள் பந்தயத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2024 பெண்கள் டூர் டி பிரான்ஸை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

டெமி வோலரிங் மஞ்சள் ஜெர்சியில் இருக்கிறார். 5ஆவது கட்டத்தில், முடிவுக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டத்தோடு விழுகிறார். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டத் தனியாகவே ஓட்டி வருகிறார். முன்னால் அவர் அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ் அந்தக் கட்டத்தையே ஜெயிக்கிறார். மஞ்சள் ஜெர்சி போலந்தின் காஷா நியெவியாதோமாவுக்குப் போனது.

கடைசி நாள் கிளாந்தோன் மலை, அப்புறம் ஆல்ப் டி ஹுயெஸ் மலை. வோலரிங் கிளாந்தோனிலேயே கிளம்பிவிட்டார், இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கிறது. வேலூர் அண்ணன் சொன்ன பள்ளத்தாக்கு இங்கேயும் வருகிறது. நியெவியாதோமாவுக்குத் தன் அணியிலிருந்து ஒரு துணையும் இல்லை. ஆனால் அதே கூட்டத்தில் லூசிண்டா பிராண்ட், தன் அணியின் ரியாலினிக்காக, சமதரை முழுக்க இழுத்தார். அந்த நிழலில் நியெவியாதோமாவும் ஒதுங்கினார். வேறு அணிக்காரி என்றாலும் காற்றை மறைத்தது மறைத்ததுதானே. வோலரிங் உச்சியில் ஜெயித்தார். மொத்தக் கணக்கில் 4 வினாடி பின்தங்கித் தோற்றார். ஆண், பெண் இரண்டு டூரிலும் இவ்வளவு சிறிய வித்தியாசம் அதற்கு முன் கிடையாது.

பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும்போது, பாரி வளைவு தாண்டி மூச்சு முட்டும் இடத்தில் நான் அந்த 4 வினாடியைத்தான் நினைப்பேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்து, மறுபடி தாங்கியில் சொருகுவதற்குள் 4 வினாடி போய்விடுகிறது.

வாஸ் ஜெயிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் நின்றிருக்க வேண்டும். அணியின் தலைவி விழுந்துவிட்டார், ஜெர்சி அவர் மேலே இருக்கிறது. இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து முன்னால் நின்று இழுத்திருந்தால் இழப்பில் பாதியாவது மிஞ்சியிருக்கும். விழுந்த தகவல் தாமதமாக வந்தது என்று பிறகு பேச்சு வந்தது. அதற்குத்தான் காதில் ரேடியோவும் பின்னால் காரும் இருக்கிறது. ஆம்பூர் தம்பி டெல் டோரோவுக்காகக் கேட்ட அதே கேள்வியை நான் வோலரிங்குக்காகக் கேட்கிறேன்.