‘குன்’ (ஜப்பானில் மாகாணத்துக்குள் வரும் ஒரு பிரிவு) என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி. ஜப்பானின் கிதயாமா கிராமத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தில் பார்த்தால் சுற்றிலும் மியே, நாரா மாகாணங்கள். ஊர் மட்டும் வகயாமா மாகாணத்துக்குச் சொந்தம். ஊர்க்காரர்கள் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி, ஆற்றோடு ஷிங்கூ நகரத்துக்கு ஓட்டிப் பிழைத்தவர்கள். 1871-க்குப் பிறகு மாகாண எல்லை பிரித்தபோது ஷிங்கூ வகயாமாவுக்குப் போக, இவர்களும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். பிழைப்பு போன பக்கம் ஊரும் போச்சு!

சிக்கல் இதுதான்: ஊர் ஹிகாஷிமுரோ ‘குன்’னில் வருகிறது. குன் அலுவலகங்களை 1926-லேயே மூடிவிட்டார்கள். இப்போது முகவரியில்தான் அது உயிரோடு இருக்கிறது. ‘தாலுகா’ என்றால் தாசில்தார் வந்து நிற்கிறார், ‘மாவட்டம்’ என்றால் கலெக்டர். ‘வட்டாரம்’ ஒத்துவருமா? மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் சொல்லுங்களேன்.