பிரையர் மரப் பைப்புல பளபளப்பு நிக்கவே மாட்டேங்குது, உதவுங்க

வணக்கம். ராயபுரத்துல இருந்து எழுதுறேன். பெரம்பூர் லோகோவுல (ரயில் இன்ஜின் பட்டறை) வேலை பார்த்த தாத்தாவோட புகையிலை பைப் எங்ககிட்ட இருக்கு. பிரையர் மரம், எபோனைட் (கெட்டி ரப்பர்) வாய்க்குழல், தண்டுல லண்டன் முத்திரை. இப்போ வீட்டுல யாரும் புகைக்கிறதில்லை. தை மாசம் அப்பாவுக்கு எழுபது. அதுக்குள்ள இதைப் பழைய மாதிரி ஆக்கி அவர் கையில கொடுக்கணும்.

வாய்க்குழல் பச்சை கலந்த பழுப்பா இருந்தது. எபோனைட்ல இருக்கிற கந்தகம் வெளிச்சமும் ஈரமும் பட்டு மேல கிளம்புறதால வர்ற நிறம் அது. தண்ணி தொட்டு 600லிருந்து 2000 வரை எமரி தாள் போட்டதும் கறுப்பு திரும்பிடுச்சு.

சிக்கல் புகையிலை அடைக்கிற மரக் கிண்ணத்துலதான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால அழுக்கை எடுத்ததும் மர வரிகள் தீ நாக்கு மாதிரி மேல ஏறுறது தெரிஞ்சது, அவ்வளவு அழகு! ஆனா தேங்காய் எண்ணெய் போட்டா மறுநாளே மங்கிடுது. பர்னிச்சர் மெழுகு போட்டா தொட்ட இடமெல்லாம் விரல் தடம். கார்னாபா (ஒரு வகைப் பனை இலையில கிடைக்கிற கெட்டி மெழுகு) உருக 80 டிகிரிக்கு மேல சூடு வேணும். துணியால எவ்வளவு அழுத்தித் தேய்ச்சாலும் வெள்ளைத் திட்டாத்தான் நிக்குது. வார்னிஷ் அடிக்கச் சொல்லாதீங்க, பைப்புக்கு அது ஆகாது.

பாத்திரப் பாலிஷ் பட்டறையில கேட்டேன். அங்கே மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுத்து ஓடுது. பித்தளைக்குச் சரி, இந்த முத்திரை தேஞ்சே போயிடும்.

வண்ணாரப்பேட்டை, மண்ணடி, சவுகார்பேட்டை பக்கம் மெதுவா ஓடுற மோட்டார்ல, புது பருத்தி பஃப் (பாலிஷ் போடுற துணிச் சக்கரம்) மாட்டி, மரத்துக்குக் கார்னாபா ஏத்தித் தர்ற பட்டறை எங்கே இருக்கு?