புதுப்பிப்பு: 137 எண்டு விழுந்துகொண்டிருந்த ஜாவா எழும்பிட்டுது

போன கிழமை கேட்டனான் எல்லோ, கிளிநொச்சியில நெல் கொள்வனவுக் கணக்குக்கு நாங்கள் ஓட்டுற ஜாவா புரோகிராம் டொக்கருக்குள்ள (புரோகிராமைக் கொண்டெய்னர் எண்ட தனிப் பெட்டியில ஓட்டுற கருவி) 137 எண்ட பிழை எண்ணோட விழுது, ஏன் எண்டு. பிடிபட்டுட்டுது.

137 எண்டா 128ஓட 9, 9 எண்டது உடன கொல்லுற சிக்னல், மெமரி லிமிட்டைத் தாண்டினதால லினக்ஸின்ர கெர்னலே கழுத்தைத் திருகினது. சேர்வரில மெமரி 8 ஜிபி, கொண்டெய்னருக்கு நான் விட்டது 1 ஜிபிதான், ஆனா எங்கட ஜாவா 8 அப்டேட் 181 அந்த லிமிட்டைப் பாக்கத் தெரியாத பழசு, முழு மெஷினையும் பாத்து அதில கால்வாசி ஹீப் (ஜாவா தன்ர டேட்டாவை வைக்கிற மெமரி) எனக்கு எண்டு 2 ஜிபி வரைக்கும் வளரப் பாக்குது. பத்து மூட்டை ஏத்துற லான்ட்மாஸ்டர்ல இருபதை அடுக்கின மாதிரி.

அப்டேட் 191 போடு, அது லிமிட்டைக் கண்டுபிடிக்கும் எண்டு ஒரு அண்ணை சொன்னவர். போட்டன், திரும்பவும் 137! எனக்கு விசர்தான் வந்தது. பிறகு பாத்தா எங்கட உபுண்டு 22.04இல இருக்கிறது சிகுரூப் (லினக்ஸில மெமரி லிமிட் போடுற பகுதி) இரண்டாம் பதிப்பு, அதில லிமிட் கிடக்கிற ஃபைலே வேற, 191 பழைய இடத்தில தேடிப்போட்டு ஒண்டும் இல்லையெண்டு திரும்பவும் 8 ஜிபியையே எடுத்திட்டுது. அப்டேட் 372இலதான் புதுசு விளங்கும்.

அதைப் போட்டாப் பிறகு கால்வாசி 256 எம்பி ஆகி ஹீப் காணாம கத்திச்சு, மேக்ஸ்ரேம்பெர்சன்டேஜ் (லிமிட்டில எத்தினை வீதம் ஹீப்புக்கு எண்ட செட்டிங்) 70 குடுத்தன், மிச்சம் ஹீப்புக்கு வெளியில ஜாவா பாவிக்கிற திரெட், மெட்டாஸ்பேஸ் எல்லாத்துக்கும் வேணும், 100 குடுத்திடாதேங்கோ.

மூண்டு நாளா விழேல்ல. நேற்று நிண்டது கரண்ட் போய்.