கொரோலா 121: ஓட்டோ கியரில் சிவப்பு ஒயில் ஒழுகுது

ஹட்டன். காலையில காருக்கு முன்பக்கம் கீழே உள்ளங்கை அளவு சிவப்பு ஒயில். நானுஓயா ஏத்தத்தில ரெய்ஸ் ஏறுது, வண்டி இழுக்குதில்ல. கியர் பெட்டியைக் கழட்டணுமா?

மறுமொழி 1
கழட்ட அவசரப்படாதீங்க தம்பி. ஒயில் குறைஞ்சா ஏத்தத்தில பம்ப் காத்தை உறிஞ்சும், அதான் கியர் பிடிக்காம வழுக்குது. வண்டியைச் சூடாக்கி, சமதரையில, இஞ்சின் ஓட, கியரை எல்லா இடத்துக்கும் போட்டு ‘பி’யில நிறுத்தி கியர் பெட்டியின் டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கிற கம்பி) பாருங்க. ஒயில் அதில உள்ள ‘HOT’ கோட்டுக்குள்ள இருக்கணும். ஊத்துறது டொயோட்டா டி-ஃபோர் (T-IV) கியர் ஒயில் மட்டும், கொஞ்சங் கொஞ்சமா. கூடினாலும் நுரைச்சு மூச்சுக்குழாயால வெளியேறும்.

மறுமொழி 2
அடியைக் கழுவிக் காயவச்சு, 20 கிலோமீட்டர் ஓடி, டோர்ச் அடிச்சுப் பாருங்க. ஈரத்தின் ஆக மேல் இடம்தான் மூலம். காத்து பின்னால பரப்பிடும். முதல்ல கியர் ஒயில் ரேடியேட்டருக்குப் போய் வர்ற ரெண்டு ரப்பர் ஹோஸ், கிளிப் பாருங்க. பிறகு அக்சில் சீல், சம்ப் (கியர் பெட்டிக்கு அடியில உள்ள ஒயில் தட்டு) கேஸ்கட். சம்ப் போல்ட்டை முறுக்கித் தள்ளாதீங்க, விளிம்பு வளைஞ்சா இன்னும் ஒழுகும்.

மறுமொழி 3
இஞ்சினும் கியரும் சேர்ற இடத்தில சிவப்பா சொட்டினா கன்வேட்டர் (இஞ்சின் சுழற்சியை கியருக்குக் கடத்துற பகுதி) சீல். அப்பதான் கியர் பெட்டியை இறக்கணும். ஒயில் பால் கலந்த ரோஸ் நிறமா இருந்தா ரேடியேட்டருக்குள்ள ஒயிலோட தண்ணி கலந்திருக்கு, ஓட்டவே வேணாம்.